விடய அட்டைகள்: ஒரே விடயத்துக்கு மூன்று பெயர் இருந்தால் எதன் கீழ் வைப்பது?

நிலாவெளி வாசகி

வணக்கம். திருகோணமலைப் பக்கம் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலைக்கு அட்டைப் பட்டியல் ஒழுங்கு செய்கிறோம். கிட்டத்தட்ட 1800 நூல்கள். அதில் 600 அளவில் நாவல், சிறுகதை. பெரும்பாலும் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், அதைவிடக் கொஞ்சம் சிங்களம். தூயி தசமப் பகுப்பின்படி (நூலின் துறைக்கு ஏற்ப இலக்கம் கொடுக்கும் முறை) இலக்கம் போட்டு இறாக்கையில் அடுக்கியாயிற்று. ஆசிரியர் அட்டையும் தலைப்பு அட்டையும் எழுதுவதில் பிரச்சினை இல்லை. நூல் எதைப் பற்றியது என்று காட்டும் விடய அட்டையில்தான் தடக்குப்படுகிறோம்.

மீன் சம்பந்தமான நூல்கள் 597, 639.2, 641.692, 338.3727 என்று நாலு பக்கம் சிதறி நிற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் "மீன்" என்று ஒரே தலைப்புப் போடலாமா? 2004 டிசம்பர் 26 அனர்த்தம் பற்றிய நூல்களின் முகப்பில் ஒன்றில் சுனாமி, ஒன்றில் ஆழிப்பேரலை, ஒன்றில் கடல்கோள் என்று இருக்கிறது. நூலில் உள்ளபடியே எழுதுவதா? ஒரு நூலுக்கு எத்தனை விடய அட்டை எழுதலாம்?

கையில் இருப்பது 15 லாச்சி உள்ள பழைய மர அலுமாரி. லாச்சியின் உள்நீளம் 38 செ.மீ. அது காணுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலைப் பட்டியலாளர்

தங்கச்சி, சிதறி நிற்பது பிழை இல்லை. தூயி முறை பொருளை வைத்துப் பிரிப்பதில்லை, துறையை வைத்துப் பிரிக்கிறது. மீனை உயிரினமாகப் பார்த்தால் 597. பிடிக்கும் தொழில் 639.2, வளர்ப்பு 639.3, கருவாடும் டின்மீனும் 664.94, சமையல் 641.692, அந்தத் தொழிலின் பொருளாதாரம் 338.3727, பொழுதுபோக்குத் தூண்டில் 799.1. நூல் ஒன்று, ஆகவே நிற்கும் இடமும் ஒன்று. இப்படிப் பிரிந்து கிடப்பதை வாசகர் ஒரே இடத்தில் கண்டுகொள்ளத்தான் விடய அட்டை.

அதற்காக எல்லாவற்றையும் "மீன்" என்ற தலைப்பில் குவிக்க வேண்டாம். அமெரிக்க நூலகர் சார்ள்ஸ் கட்டர் 1876இல் வகுத்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை: நூல் எதைப் பற்றியதோ அதே அளவான தலைப்பைக் கொடு, அதைவிட அகன்றதைக் கொடுக்காதே. கடலட்டை பற்றிய நூலுக்குத் தலைப்பு "கடலட்டை". "கடல் உயிரினங்கள்" என்று போட்டால், கடலட்டை தேடி வந்தவர் ஐம்பது அட்டையைப் புரட்ட வேண்டும். இரண்டு தலைப்பிலும் போட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் கூடாது. அப்படிச் செய்தால் அகன்ற தலைப்பு வீங்கி, அங்கே ஒன்றையும் தேட முடியாமல் போய்விடும். "கடல் உயிரினங்கள்" தலைப்பின் முடிவில் "மேலும் பார்க்க: கடலட்டை, திமிங்கிலம்" என்று ஓர் அட்டை வைத்தால் போதும். இந்த வழிகாட்டல் அகன்றதிலிருந்து குறுகியதற்குத்தான் போக வேண்டும். மேல்நோக்கியும் எழுதத் தொடங்கினால் முடிவே இல்லை.

ஆகவே உங்கள் நூல்களுக்கு மீன்கள், மீன்பிடி, மீன்பிடிக் கைத்தொழில், மீன் சமையல் என்று நாலு தலைப்பு வரும். அகரவரிசையில் அவை தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும்.

சுனாமி விடயத்தில் நூலின் முகப்பில் என்ன சொல் இருக்கிறது என்பது முக்கியமில்லை. ஒன்றைத் தெரிந்து, மூன்று நூலுக்கும் அதையே போட வேண்டும். நான் என்றால் "சுனாமி" என்பேன். படிப்பாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்தச் சொல்லோடுதான் வந்து நிற்பார்கள். மற்ற இரண்டுக்கும் "பார்க்க" அட்டை எழுதுங்கள்:

ஆழிப்பேரலை
பார்க்க: சுனாமி

கடல்கோள்
பார்க்க: சுனாமி

இவற்றில் அழைப்பெண் (நூல் இறாக்கையில் நிற்கும் இடத்தைக் காட்டும் இலக்கம்) வராது, நூல் விபரமும் வராது. ஒருமுறை எழுதினால் பிறகு எத்தனை சுனாமி நூல் வந்தாலும் இவற்றைத் தொடத் தேவையில்லை. நிவாரணம் பற்றிய நூல் 363.34இலும், அலை எப்படி எழுகிறது என்று விளக்கும் நூல் 551.46இன் கீழும் நிற்கும். இரண்டுக்கும் விடய அட்டை சுனாமிதான்.

இதில் வழமையாக வரும் சிக்கல் என்னவென்றால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து "ஆழிப்பேரலை" என்று புதிதாக ஒரு தலைப்பைத் திறந்துவிடுவார். பாதி நூல் அங்கே, பாதி இங்கே. அதைத் தடுக்க, தலைப்புகளுக்கென்றே தனிப் பெட்டி ஒன்று பணியாளர் மேசையில் இருக்க வேண்டும். தலைப்புக்கு ஓர் அட்டை. மேலே தெரிந்தெடுத்த சொல். அதன் கீழ் × குறி போட்டு, எந்தச் சொற்களிலிருந்து "பார்க்க" எழுதியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். ×× போட்டு, எந்த அகன்ற தலைப்புகளிலிருந்து "மேலும் பார்க்க" வருகிறது என்பதையும் குறிக்க வேண்டும். இந்தப் பெட்டியைப் பார்க்காமல் புதுத் தலைப்பு எழுதக் கூடாது. சுனாமி நூல் கடைசி ஒன்றும் கழிக்கப்பட்டால், ஒன்றுமில்லாத தலைப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் "பார்க்க" அட்டைகளை எடுத்து எறியவும் இதுதான் துணை. வாசகருக்கு ஆத்திரம் வருவது அந்தக் குருட்டு அட்டைகளால்தான்.

ஒரு நூலுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை விடயத் தலைப்புகள் கொடுக்கலாம். நாலு விடயம் வந்தால் நாலையும் அடக்கும் அகன்ற தலைப்பு ஒன்றுக்குப் போய்விடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அளவுகோல், நூலின் ஐந்தில் ஒரு பங்காவது அந்த விடயத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது. 200 பக்க நூலில் 40 பக்கம். பத்துப் பக்கம் நெய்தல் நில வழிபாடு பேசினால் அதற்குத் தலைப்பு வேண்டாம். நூலின் பெயரை நம்ப வேண்டாம். உள்ளடக்கப் பக்கம், முன்னுரை, பிறகு ஓர் அத்தியாயத்தின் தொடக்கம், இவ்வளவும் பார்த்தால் விடயம் பிடிபடும்.

இடப்பெயர் வரும்போது ஒரு விதி. வரலாறு, புவியியல், அரசியல் என்றால் இடம் முன்னால்: "திருகோணமலை – வரலாறு". தொழில், விஞ்ஞானம், பொருளாதாரம் என்றால் விடயம் முன்னால்: "மீன்பிடி – திருகோணமலை". இதைக் கலந்தடித்தால் ஓர் ஊர் நூல்கள் பத்து இடத்தில் நிற்கும்.

அட்டை எழுதும் முறை: இடது மேல் மூலையில் அழைப்பெண். விடயத் தலைப்பு முதல் வரியில், ஆசிரியர் பெயருக்கு மேலே, சற்று உள்ளே தள்ளி. மிச்சம் எல்லாம் ஆசிரியர் அட்டையில் உள்ளபடியே. ஆங்கிலத்தில் விடயத் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். எங்கள் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது, ஆகவே சிவப்பு மை. சிவப்பில்லாவிட்டால், ஓர் ஆளைப் பற்றிய நூலும் அவரே எழுதிய நூலும் ஒரே மாதிரித் தெரியும்.

கிண்ணியாப் பகுப்பாளர்

உவர்மலையார் சொன்னதில் பிழை காண முடியாது. ஆனால் சகோதரியின் வாசிகசாலையில் மூன்று மொழி இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. தமிழ் அகரவரிசையில் ஆங்கில நூலின் விடய அட்டை எங்கே நிற்கும்? சிங்கள நூலின் அட்டை எங்கே நிற்கும்? மொழிக்கொரு வரிசை திறந்தால் ஒரே விடயம் மூன்று லாச்சியில் கிடக்கும்.

வகுப்பு முறைப் பட்டியல் என்று ஒன்றிருக்கிறது. விடய அட்டையைச் சொல்லால் அடுக்காமல் தூயி இலக்கத்தாலேயே அடுக்குவது. 639.2 என்ற இலக்கத்துக்கு மொழி கிடையாது. மூன்று மொழி நூலும் ஒரே இடத்தில் ஒன்றாக நிற்கும். பக்கத்தில் அகரவரிசைச் சுட்டி ஒன்று வைத்து, சொல்லிலிருந்து இலக்கத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1934இல் இந்த முறைக்கென்றே விதிநூல் எழுதினார்.

சுட்டியைச் சங்கிலி முறையில் எழுதினால் வேலை குறைவு. இலங்கை மீன்பிடிக்கு இலக்கம் 639.2095493. கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள்:

இலங்கை : மீன்பிடி – 639.2095493
மீன்பிடி – 639.2
விவசாயம் – 630
தொழினுட்பம் – 600

அவ்வளவுதான். அடுத்த மீன்பிடி நூல் வந்தால் சுட்டியில் ஒன்றும் எழுதத் தேவையில்லை, அட்டையை இலக்கத்தில் செருகினால் சரி. சுனாமி, ஆழிப்பேரலை, கடல்கோள் மூன்றையும் சுட்டியில் எழுதி ஒரே இலக்கங்களைக் காட்டலாம். எந்தச் சொல் நல்ல சொல் என்று தலையை உடைக்க வேண்டியதே இல்லை. சிங்களச் சுட்டி தனியாக ஒன்று எழுதினால் அந்த வாசகருக்கும் வழி திறக்கும்.

உவர்மலைப் பட்டியலாளர்

நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் வாசகர் இரண்டு தடவை தேட வேண்டும்: முதலில் சுட்டி, பிறகு இலக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சுட்டியோடு நின்றுவிடும். ஆங்கில நூலுக்கும் தமிழிலேயே விடயத் தலைப்புப் போடலாம், அட்டையின் உடல் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். தடையில்லை. சிங்களம் மட்டும் வாசிப்பவருக்கு அது உதவாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இறாக்கை ஒழுங்கின்படி நூலுக்கொரு அட்டை, இருப்புக் கணக்கெடுக்க எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள். அந்த இறாக்கைப் பட்டியல் ஏற்கெனவே இலக்க வரிசையில்தான் இருக்கும். அதை வாசகருக்கும் திறந்துவிட்டால் கிண்ணியாக்காரர் கேட்பதில் பாதி கிடைத்துவிடும்.

கிண்ணியாப் பகுப்பாளர்

பாதிதான். இறாக்கைப் பட்டியலில் நூலுக்கு ஓர் அட்டை. மீன்பிடியும் படகு கட்டலும் சேர்ந்த நூல் 639.2இல் மட்டும் நிற்கும், 623.82இல் தேடுபவர் கண்ணுக்குப் படாது. இரண்டாவது இலக்கத்திலும் ஓர் அட்டை வைத்தால்தான் அது வகுப்பு முறைப் பட்டியல். அந்த இரண்டாம் அட்டையில், நூல் உண்மையில் நிற்கும் இலக்கத்தை இடது மூலையில் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் 623.82 இறாக்கையில் போய்த் தேடிக்கொண்டு நிற்பார்.

நிலாவெளி வாசகி

இரண்டு அண்ணாமாருக்கும் நன்றி. சிங்கள நூல் முப்பதுக்குள்தான் வரும், ஆகவே தமிழ்த் தலைப்பு அகரவரிசையே எடுக்கிறோம். இறாக்கைப் பட்டியலில் இரண்டாம் அட்டை வைக்கும் யோசனையையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்போது அடுக்கும் பிரச்சினை. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, மூன்றும் நூல்களில் வருகின்றன. தலைப்புகளைக் கணினியில் அடித்து வரிசைப்படுத்தினால் அகராதி ஒழுங்கு வரவில்லை. ஏன்?

அகரவரிசைக்காரர்

கணினியில் எழுத்துகளுக்கு யூனிகோட் எண் வரிசை என்று ஒன்று உண்டு. அது எங்கள் நெடுங்கணக்கு இல்லை. நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன. யூனிகோட்டில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, பிறகு ல ள ழ வ. புள்ளியும் இடம் மாறும். அகராதியில் க் முதல், க பிறகு. ஆகவே பக்கம், அதன் பின்தான் பகல். வெறும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் பகல் முந்திவிடும். சில மென்பொருள்கள் தமிழ் ஒழுங்கை அறிந்திருக்கும், சில அறியாது. பக்கம்–பகல் இரண்டையும் அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஊர்ப்பெயருக்கு ஒரு வடிவம்தான். திருகோணமலை என்று வைத்து மற்றதற்கெல்லாம் "பார்க்க" எழுதுங்கள். அகராதி ஒழுங்கில் இவை நிற்கும் இடத்தைப் பாருங்கள்: திருக்குறள், திருக்கோணமலை, திருக்கோவில், திருகோணமலை, திருமணம், திருமலை. ஓர் ஒற்று கூடியதற்கே இடையில் வேறு தலைப்பு புகுந்துவிடுகிறது.

புணர்ச்சியும் இப்படித்தான் பிரிக்கும். கடல் உயிரினங்கள், கடல் வளம், கடவுச்சீட்டு, கடவுள், கடற்படை, கடற்றொழில். கடலுக்கும் கடற்படைக்கும் நடுவில் கடவுள் வந்து நிற்கிறார். இதற்காகக் "கடல் படை" என்று பிரித்து எழுதப் போகாதீர்கள், அப்படி ஒருவரும் தேட மாட்டார்கள். "கடல்" வரிசையின் முடிவில் "கடற் என்று தொடங்கும் தலைப்புகளையும் பார்க்க" என்று ஒரு வழிகாட்டி அட்டை வைத்தால் சரி. அரச ஆவணங்களில் கடற்றொழில் என்றுதான் வரும், ஆகவே அதிலிருந்து மீன்பிடிக்கு "பார்க்க" எழுதவும் மறக்க வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டிய இன்னொன்று, சொல்லுக்குச் சொல் அடுக்குவதா, எழுத்துக்கு எழுத்தா என்பது. சொல்லுக்குச் சொல் என்றால் கடல் வளம் முதல், கடல்கோள் பிறகு. இடைவெளியைக் கணக்கெடுக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் கடல்கோள் முந்தும். எதுவும் பிழையில்லை. இரண்டையும் கலப்பதுதான் பிழை. சிறிய பட்டியலுக்குச் சொல்லுக்குச் சொல் நல்லது. முடிவை எழுதி முதல் லாச்சியின் முகப்பில் ஒட்டிவிடுங்கள்.

ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் ன-வுக்குப் பிறகு கடைசியில் வரும். ஜனநாயகம், சனநாயகம் போன்ற இரட்டைகளில் ஒன்றை மட்டும் தெரியுங்கள். வேளாண்மை என்றால் எங்கள் பக்கத்தில் நெற்செய்கை, புத்தகங்களில் விவசாயம் முழுவதும். அதற்கு "வேளாண்மை – பார்க்க: நெற்செய்கை, விவசாயம்" என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

லாச்சிக் கம்பிக்காரர்

அளவுக் கணக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாவல், சிறுகதைக்கு விடய அட்டை தேவையில்லை: ஆசிரியர், தலைப்பு, இறாக்கை என்று மூன்று. 600 × 3 = 1800. மற்ற 1200 நூலுக்கும் சராசரி 5 அட்டை, 6000. "பார்க்க", "மேலும் பார்க்க", வழிகாட்டி எல்லாம் சேர்த்து 400 வைத்தால் 8200. நூறு அட்டை சுமார் 2.5 செ.மீ. தடிப்பு. 38 செ.மீ. லாச்சியில் முன்பின் கட்டைகளும் சாய்க்கும் இடமும் போக 30 செ.மீ. கிடைக்கும், அதாவது 1200 அட்டை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; நிரம்பினால் அட்டையைச் சாய்த்து வாசிக்க முடியாது, விளிம்பு கிழியும். லாச்சிக்கு 800 என்றால் 11 லாச்சி. நாலு மிச்சம்.

அட்டை 12.5 × 7.5 செ.மீ. எல்லா அட்டையையும் ஒரே திசையில் வைத்து வெட்டினால் ஏ4 தாளில் நாலுதான் வரும், ஏ3 இல் பத்து வரும். ஆகவே ஏ3 தடித்த தாள் வாங்கி, அச்சகத்தில் வெட்டு இயந்திரத்தில் ஒரே தடவையில் வெட்டுவியுங்கள். கையால் வெட்டினால் ஒரு மில்லிமீற்றர் உயரமான அட்டை எப்போதும் விரலில் முதலில் படும், பக்கத்தில் உள்ளது ஒளிந்துவிடும். கீழ் விளிம்பின் நடுவில், லாச்சியில் அட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் கம்பிக்குத் துளை. வழிகாட்டி அட்டை 40, 50 அட்டைக்கு ஒன்று, எழுத்துள்ள காது மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி.

கடற்காற்றுக்கு இரும்புக் கம்பி கறள் பிடிக்கும். கறள் துளையைச் சுற்றி அட்டையைத் தின்றுவிடும். பித்தளைக் கம்பி போடுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கால்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். கறையான் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் ஏறும். மை நீர் பட்டால் கரையாததாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நவம்பர், டிசம்பர் ஈரத்துக்கே சாதாரண பேனை மை அட்டையில் ஊறிப் பரவும்.

புது அட்டை செருகும்போது கம்பியை உடனே உருவாதீர்கள். கம்பிக்கு மேலேயே அட்டையை நிறுத்தி வையுங்கள், அது மற்றதைவிட உயர்ந்து நிற்கும். வேறொருவர் வந்து இடம் சரியா என்று பார்த்த பிறகு கம்பியை உருவி, கீழே இறக்கி, திரும்பச் செருக வேண்டும். பிழையான இடத்தில் போன அட்டை தொலைந்த அட்டைதான்.

புதியவன்

கணினி இருக்கிற காலத்தில் இதெல்லாம் வேண்டுமா? அமெரிக்காவில் அட்டை அச்சடித்துக் கொடுத்துவந்த ஓசிஎல்சி நிறுவனமே 2015 ஒக்டோபரில் அதை நிறுத்திவிட்டதே.

அகரவரிசைக்காரர்

நிறுத்தியது அச்சடிப்பதைத்தான் தம்பி. கோஹா என்ற நூலக மென்பொருளைப் போட்டாலும், நூற்பதிவின் 650ஆம் புலத்தில் விடயத் தலைப்பு, 651இல் இடப்பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். அங்கேயும் சுனாமியையும் ஆழிப்பேரலையையும் தனித்தனியே அடித்தால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது வராது. இப்போது செய்யும் தலைப்புப் பெட்டியை நாளைக்கு அப்படியே கணினிக்கு ஏற்றலாம்.

நிலாவெளி வாசகி

கடைசியாக இரண்டு கேள்வி. திருக்குறள் மூலத்துக்கு விடய அட்டை "திருக்குறள்" என்று வருமா? நூலைக் கழிக்கும்போது அதன் எல்லா அட்டைகளையும் எப்படித் தேடிப் பிடிப்பது?

உவர்மலைப் பட்டியலாளர்

மூலத்துக்கு வராது. அது தலைப்பு அட்டையிலேயே அகப்படும். திருக்குறளைப் பற்றிய ஆய்வுக்குத்தான் சிவப்பில் "திருக்குறள்". கோணேசர் கல்வெட்டு, தட்சிண கைலாச புராணம் போன்றவற்றுக்கும் அதே விதி. ஆனால் அவை கோயில் வரலாறு தேடுபவருக்கு வேண்டியவை, ஆகவே "கோணேசர் கோயில்" என்ற தலைப்பில் ஓர் அட்டை கொடுக்கலாம்.

கழிப்பதற்கு: ஆசிரியர் அட்டையின் அடியில், அல்லது இடம் காணாவிட்டால் பின்பக்கத்தில், அந்த நூலுக்கு எழுதிய மற்ற எல்லா அட்டைகளின் தலைப்பையும் குறித்து வையுங்கள். விடயத் தலைப்புகளுக்கு 1, 2, 3. தலைப்பு, இணை ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் அட்டைகளுக்கு ரோம இலக்கம். இதை அட்டை எழுதும்போதே செய்ய வேண்டும், பிறகு செய்யலாம் என்று விட்டால் ஒருநாளும் நடக்காது. நூலைக் கழிக்கும் நாளில் ஆசிரியர் அட்டையை முதலில் உருவி, அதில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுங்கள். இறாக்கைப் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்தெறியாமல், கழித்த திகதியையும் காரணத்தையும் எழுதி வேறு கட்டாகக் கட்டி வையுங்கள், அடுத்த இருப்புக் கணக்கெடுப்பில் அதைத்தான் கேட்பார்கள்.